பெயர் இல்லாத கைவேலைக் கத்தியா, ஆலைக் கத்தியா? சேகரிப்பில் ஒரு சந்தேகம் (தில்லி)

கரோல் பாக் வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கத்தி சேகரிப்பில் நான் புதியவன். இதுவரை அமெரிக்க மடக்குக் கத்தியான பக் 110, விக்டோரினாக்ஸ் போன்ற ஆலைத் தயாரிப்புகளையே வாங்கி வந்தேன். அண்மையில் இணையத்தில் ‘கையால் அடித்த டமாஸ்கஸ்’ (அலைக்கோலம் தெரியும் அடுக்கு எஃகு) என்ற விளம்பரத்துடன் விற்ற ஒரு கத்தியை வாங்கினேன். அதில் செய்தவரின் முத்திரை ஏதும் இல்லை. சாணைக்கல்லில் தீட்டியதும், வாயோரத்தில் மெல்லிய பட்டையாக அலைக்கோலம் மறைந்து வெறும் வெள்ளை எஃகு தெரிகிறது. விற்றவரிடம் விசாரித்தால் பதிலே இல்லை. இது போலிதானா என்று எப்படி உறுதி செய்வது? இனிமேல் பணம் சேர்த்து நல்ல கைவினைஞர் ஒருவரிடம் ஒரே ஒரு கத்தி செய்யச் சொல்வதா, அதே தொகைக்கு ஆலைக் கத்திகள் நான்கைந்து வாங்குவதா?

மயூர் விஹார் வாசி:

ஐயா, வாயோரத்தில் கோலம் மறைவதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். இன்றைய டமாஸ்கஸ் அலகு பெரும்பாலும் 1095, 15என்20 ஆகிய இரு எஃகுத் தகடுகளை அடுக்கிக் காய்ச்சி, அடித்து ஒட்டி, மடித்துச் செய்யப்படுவது. வெறுமனே மெருகேற்றினால் இரண்டும் ஒரே நிறமாகத்தான் தெரியும். அமிலத்தில் தோய்க்கும்போது 1095 கறுத்துப்போக, நிக்கல் கலந்த 15என்20 பளிச்சென்று நிற்கிறது. நாம் கோலமாகப் பார்ப்பது அந்த வேறுபாட்டைத்தான். தீட்டும்போது அமிலம் தொட்ட மேற்பரப்பு தேய்ந்து போவதால், அசல் டமாஸ்கஸிலும் அந்த இடம் வெளுக்கும்.

சோதிக்க வழி உண்டு. முதலில் கத்தியின் முதுகைப் பாருங்கள். அசலானால் பக்கவாட்டுக் கோடுகள் முதுகின் மேலேறி மறுபக்கம் இறங்கும். அச்சிட்ட கோலம் முதுகின் விளிம்போடு நின்றுவிடும். அடுத்து, கைப்பிடியை ஒட்டிய சிறு பகுதியை நுண்ணிய உப்புத்தாளால் கோலம் மறையும்வரை தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ஒரு பங்கு ஃபெரிக் குளோரைடுக் கரைசலில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து சில நிமிடங்கள் படும்படி வையுங்கள். மின்சுற்றுப் பலகை செய்பவர்கள் பயன்படுத்தும் பொருள்தான் என்பதால் செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் கேட்டுப் பாருங்கள். கையுறை கட்டாயம். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி எண்ணெய் தடவுங்கள். அதே கோலம் திரும்பி வந்தால் எஃகு அசல்.

ஆர்.கே. புரம் வாசி:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆலைக் கத்தியில் நீங்கள் சேகரிப்பது ஒரு வரிசையை. 1964-இல் வந்த பக் 110 இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. அந்த நிறுவனம் 1986 முதல் அலகின் அடியில் ஆண்டுக்கொரு குறி பொறிக்கிறது. கேஸ் என்ற அமெரிக்கக் கத்தி நிறுவனமோ 1970-இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்து, ஆண்டுக்கொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது. ஆகவே ஒரு கத்தி எந்த ஆண்டினது, விடுபட்டது எது, நியாயமான விலை எது என்பதையெல்லாம் முன்பின் தெரியாதவரும் சரிபார்க்கலாம். பெட்டியும் தாளும் சேர்ந்திருந்தால் மறுவிற்பனையும் எளிது.

கைவேலைக் கத்தியில் நீங்கள் சேகரிப்பது ஒரு மனிதரின் கையை. 2010-இல் மறைந்த அமெரிக்கக் கத்திக் கைவினைஞர் பாப் லவ்லஸின் வேட்டைக் கத்தி வடிவத்தைப் பலரும் நகலெடுத்தார்கள். ஆனாலும் அவருடைய முத்திரை இருக்கும் கத்திக்குத்தான் பெரும் விலை. அந்தக் கைக்கு ஒரு சான்று வேண்டுமென்றால், 1976-இல் தொடங்கிய அமெரிக்கக் கத்திக்கொல்லர் சங்கத்தின் தேர்வு இருக்கிறது. தேர்வுக்குச் செய்த கத்தி, தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுத்து, இரண்டு மரக்கட்டைகளை வெட்டித் துண்டாக்கிய பின்னும் மயிர் மழிக்க வேண்டும். இறுதியில் 90 பாகை வளைத்தாலும் முறியக் கூடாது. தலைமைக் கொல்லர் பட்டத்துக்கு அந்தக் கத்தியே குறைந்தது 300 அடுக்கு டமாஸ்கஸாக இருக்க வேண்டும். தோய்ச்சல் (காய்ச்சிய எஃகைச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குவது) சரியாக விழுந்ததா என்பது கண்ணுக்குத் தெரியாத சங்கதி என்பதால்தான் இத்தனை கெடுபிடி.

ஆகவே பெயரில்லாத கைவேலையைப் பெயருள்ள ஆலைக் கத்தியோடு ஒப்பிடுவதே பொருந்தாது என்பது என் கருத்து. உங்கள் கத்தி எஃகில் அசலாகவே இருக்கலாம். செய்தவர் யாரென்று தெரியாதவரை அதற்குப் பயன்பாட்டு மதிப்பு மட்டுமே.

கரோல் பாக் வாசி:

மிக்க நன்றி. சோதித்துப் பார்த்தேன், முதுகிலும் கோடுகள் ஓடுகின்றன, தேய்த்த இடத்தில் கோலம் திரும்ப வந்துவிட்டது. ஆனால் கைப்பிடிக்கும் பித்தளைத் தடுப்புக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. அலகு வாயை நோக்கி மெலியும் சரிவு ஒரு பக்கத்தில் மறுபக்கத்தைவிட முன்னதாகவே தொடங்குகிறது.

ஆர்.கே. புரம் வாசி:

எஃகு அசல், வேலை அவசரம் என்று அர்த்தம். சமையலறையில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கைவினைஞரிடம் சொல்லிச் செய்யும்போது இந்த இரண்டு இடங்களையும்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு முன் அவர் செய்த பழைய கத்தி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிடுங்கள். முத்திரையும், எஃகின் பெயர் குறித்த ரசீதும் கேளுங்கள். அதுவரை பக் 110-இன் வெவ்வேறு ஆண்டுகளைத் தேடுவதே பணத்துக்குப் பாதுகாப்பு.

மயூர் விஹார் வாசி:

இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன். கத்தியைத் தோலுறைக்குள் வைத்தே பூட்டி விடாதீர்கள். தில்லியின் ஆடி, ஆவணிப் புழுக்கத்தில் பித்தளையில் பச்சைக் களிம்பும் அலகில் துருப் புள்ளியும் வந்துவிடும். மேலும், பொத்தானை அழுத்தினால் திறக்கும் ராம்பூரி வகை மீது ஆசை வந்தால் கவனம் தேவை: 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டிய அத்தகைய கத்திகளைக் கட்டுப்படுத்தும் தில்லி நிர்வாகத்தின் 1980-ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று உண்டு.