எங்கள் பதிவுகள் ஆய்வாளர்களைச் சென்றடையவில்லை. ஆர்க்கிட் இருக்கும் இடத்தையும் காக்க வேண்டும் – வழி சொல்லுங்கள்

நாணல்:
வணக்கம். ஓர் ஈரநிலத்தையும் அதை ஒட்டிய காட்டையும் கவனித்துவரும் தன்னார்வலர் குழு எங்களுடையது. தவளை, தும்பி, செடிகொடி எதைக் கண்டாலும், உயிரினப் பதிவுகளைப் பகிரும் தளமான ஐநேச்சுரலிஸ்டில் படத்தோடு ஏற்றிவிடுவோம். அதற்கு முந்தைய கையெழுத்துக் குறிப்புகள் எக்செல் கோப்பாக இருக்கின்றன. தவளைகளின் பரவலை ஆராயும் ஒருவர், "உலகப் பல்லுயிர்த் தரவகமான ஜிபிஐஎஃப்-இல் உங்கள் பகுதி வெறுமையாக இருக்கிறதே, அங்கே யாரும் போவதில்லையா?" என்று கேட்டார். வயிறு எரிந்தது. பெரும்பாலான பதிவுகள் ஆய்வுத்தரம் பெற்றவை, அதாவது இனம் இதுதான் என்று பிறரும் உறுதிசெய்தவை. ஏன் போய்ச் சேரவில்லை? எக்செல் கோப்பை அனுப்பினால் வரைபடத்தில் பல புள்ளிகள் கடலில் விழுகின்றனவாம்.

இன்னொரு கவலை. சேகரிப்பவர்கள் தேடி அலையும் ஆர்க்கிட் ஒன்று அங்கே இருக்கிறது. இடம் தெரிந்தால் வேரோடு போய்விடும். எல்லாவற்றையும் பூட்டிவைப்போம் என்கிறார்கள் குழுவில் சிலர்.

தும்பிக்காதலர்:
முதலில் உரிமத்தைப் பாருங்கள். ஆய்வுத்தரம் மட்டும் போதாது. சிசி0 (நிபந்தனை இல்லை), சிசி-பிஒய் (பெயர் குறிப்பிட வேண்டும்), சிசி-பிஒய்-என்சி (பெயர் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குக் கூடாது) ஆகிய மூன்று திறந்த உரிமங்களில் ஒன்று இருந்தால்தான் ஜிபிஐஎஃப் ஏற்கும். "அனைத்து உரிமைகளும் எனக்கே" என்று வைத்திருந்தால் அந்தப் பதிவு ஐநேச்சுரலிஸ்டைத் தாண்டாது.

நாணல்:
அதேதான். எங்கள் படங்களைச் சிலர் கேட்காமல் எடுத்துப் போட்டதால் பலரும் அப்படி மாற்றினோம்.

தும்பிக்காதலர்:
படத்துக்கு ஓர் உரிமம், பதிவுக்கு வேறோர் உரிமம் தரலாம். படத்தைப் பூட்டியே வைத்துக்கொண்டு பதிவை மட்டும் திறந்துவிடுங்கள். இனம், நாள், இடம் போய்ச் சேரும், படம் போகாது. கணக்கு அமைப்பில் மாற்றும்போது பழைய பதிவுகளுக்கும் பொருந்தும்படி தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள்.

அளவுகோல்:
கடலில் விழும் புள்ளிகளுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும். அட்சரேகைப் பத்தியில் 90-ஐத் தாண்டிய எண் இருந்தால் உடனே தெரிந்துவிடும்; மற்றவற்றை வரைபடத்தில் இட்டுத்தான் பார்க்க வேண்டும். தேதியையும் சரிபாருங்கள். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று வேறு நாட்டவருக்குத் தெரியாது. 2016-04-03 என்று ஆண்டு, மாதம், நாளாக எழுதுங்கள். "குளத்துக்கு மேற்கே" என்பது போன்ற பழைய குறிப்புக்கு ஐந்து தசம இடங்களில் எண் கொடுப்பது சுமார் ஒரு மீட்டர் துல்லியம் இருப்பதாகச் சொல்வது, அது உண்மையாகாது. உத்தேசப் புள்ளியும், எத்தனை மீட்டர் பிழை இருக்கலாம் என்ற எண்ணும் தாருங்கள். பல்லுயிர்ப் பதிவுகளைப் பகிர்வதற்கான பொது வடிவமான டார்வின் கோர் தரத்தில் அதற்கென்றே ஒரு பத்தி இருக்கிறது.

போய்ப் பார்த்து ஒன்றும் தென்படாத நாள்களையும் நீக்கிவிடாதீர்கள். தவளைகள் குறைகின்றனவா என்று ஆராய்பவருக்கு அவை பொன்னான பதிவுகள்.

காட்டுவழி:
ஆர்க்கிட் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. கோனியூரோசாரஸ் லூயி என்ற பல்லி 1999-இல் அறிவியலுக்கு அறிமுகமானது. ஆய்வுக்கட்டுரையில் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டே வணிகர்கள் போனார்கள். முதலில் கண்டறியப்பட்ட இடத்தில் அது அற்றேபோனது. வெளியிடாதீர்கள் என்பேன்.

தும்பிக்காதலர்:
முழுக்க மறைப்பதை நான் ஏற்க மாட்டேன். நாளை அந்தக் காட்டின் வழியே சாலை போட அளப்பவர்கள், "இங்கே அரிய இனம் எதுவும் பதிவாகவில்லை" என்று எழுதிவிட்டுப் போவார்கள். அழித்தொழிக்க அதுவும் ஒரு வழிதான். ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை "மங்கலாக்கு" என்ற தேர்வைப் போடுங்கள். 0.2 பாகைச் சதுரத்துக்குள் எங்கோ ஓரிடத்தைத்தான் பிறருக்குக் காட்டும். நிலநடுக்கோட்டருகே அது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் அகலம். அந்த இனம் அப்பகுதியில் உண்டு என்பது பதிவாகும், செடியிடம் கொண்டுபோய் விடாது. துல்லியமான புள்ளியை நீங்கள் நம்பும் ஆய்வாளருக்குத் தனியே கொடுங்கள்.

காட்டுவழி:
அப்படியென்றால் சரி. ஆனால் ஓட்டைகளையும் அடையுங்கள். அதே நடையில், அதே மணிநேரத்தில் எடுத்த வண்ணத்துப்பூச்சியின் இடம் வெளிப்படையாக இருந்தால், அதை வைத்தே ஆர்க்கிட்டை நெருங்கிவிடலாம். அந்த நடையின் மற்ற பதிவுகளையும் மங்கலாக்குங்கள். பின்னணியில் பாறையோ பலகையோ தெரியும் படம் வேண்டாம். இலையும் பூவும் நெருக்கத்தில் போதும். எக்செல் கோப்பிலும் புள்ளியைப் பொதுமைப்படுத்தி, அப்படிச் செய்ததை அதற்குரிய பத்தியில் எழுதுங்கள். இல்லாவிட்டால் மங்கலான புள்ளியை மெய்யென்று நம்பி யாராவது கணக்குப் போடுவார்கள்.

நாணல்:
மிக்க நன்றி. உரிமத்தை மாற்றச் சொல்லிக் குழுவுக்கு எழுதிவிட்டேன். ஒன்று மட்டும்: அந்தச் செடியை எங்களுக்குக் காட்டியவர் காட்டோரம் வாழும் ஒரு மூதாட்டி. எப்போது பூக்கும், எந்த மரத்தில் ஒட்டும் என்பதெல்லாம் அவர் சொன்னது. அதையும் எழுதலாமா?

அளவுகோல்:
அவரிடம் கேளுங்கள். எங்கே போகும், யார் படிப்பார்கள் என்பதை விளக்கி, எதைச் சொல்லலாம், பெயர் போடலாமா வேண்டாமா என்று அவரே முடிவு செய்யட்டும். அவர் சரி என்ற பிறகு அந்தப் பதிவை ஏற்றுங்கள். மற்றவற்றை இப்போதே திறந்துவிடலாம்.