ரஷ்ய கீபோர்டு: ‘பி’ தட்டினால் ‘இ’ விழுகிறது, உதவி தேவை

பட்டறைக் கணக்கு:

எல்லோருக்கும் வணக்கம். சுவாமிமலையில் ஒரு சிற்பப் பட்டறையில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் நான்தான் பார்க்கிறேன். கொஞ்ச நாளாக ரஷ்யாவிலிருந்து சிலர் பஞ்சலோகச் சிலை கேட்டு எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பு ஆப்பை மட்டும் நம்பி விலையும் எடையும் பேசப் பயமாக இருப்பதால், ஆன்லைனில் ரஷ்யன் படிக்கிறேன். வாசிக்க வந்துவிட்டது. தட்டச்சில்தான் மாட்டிக்கொண்டேன்.

விண்டோஸில் ரஷ்ய மொழியைச் சேர்த்தேன். வெண்கலத்துக்கு அவர்கள் சொல் ‘ப்ரோன்ஸா’. பி, ஆர், ஓ, என், இசட், ஏ என்று தட்டினால் திரையில் வருவது இ, க், ஷ்ச், த், யா, ஃப்! கமாவைத் தட்டினால் ‘ப’ ஒலிக்கான எழுத்து விழுகிறது. முற்றுப்புள்ளி எங்கே என்றே தெரியவில்லை.

நம் தமிழ் அஞ்சல் முறை மாதிரி ஒலிப்படி அடிக்க வழி உண்டு என்று தம்பி சொன்னான். ‘நெமோனிக்’ என்ற ஒன்றைச் சேர்த்தேன். இப்போது சில சமயம் சரியாக வருகிறது, சில சமயம் பழைய கூத்துதான். சரியாக வரும்போதும் இசட் தட்டினால் எழுத்து உடனே தெரிவதில்லை, அடுத்த எழுத்தோடு சேர்ந்து குதிக்கிறது. கீபோர்டு போய்விட்டதா?

இன்னொன்று. வீட்டில் தம்பியின் லேப்டாப் லினக்ஸ். அதில் ‘பொனெட்டிக்’ என்று போட்டிருக்கிறது. டபிள்யூ தட்டினால் ‘வ’ வருகிறது. வகுப்பில் கொடுத்த படத்தில் டபிள்யூவுக்கு ‘ஷ’ என்று இருக்கிறது. எது சரி?

மன்னை வெள்ளைக்கோட்டு:

அக்கா, கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது. நான் ரஷ்யாவில் மருத்துவம் படித்துவிட்டு வந்தவன், முதல் வருடம் இதே பாடு பட்டேன்.

ரஷ்ய மொழியைச் சேர்த்தால் விண்டோஸ் தானாகக் கொடுப்பது அந்த நாட்டின் வழக்கமான தளக்கோலம், அதாவது எந்த விசையில் எந்த எழுத்து என்ற அமைப்பு. குவர்ட்டி என்கிறோமே, அதுபோல மேல் வரிசையின் முதல் ஆறு எழுத்தை வைத்து அதை ‘ஜேட்சுகென்’ என்பார்கள். ஒலிக்கும் ஆங்கில விசைக்கும் அதில் சம்பந்தமே கிடையாது. முற்றுப்புள்ளி, வலது ஷிஃப்டுக்கு இடப்பக்கம் சாய்கோடு இருக்கும் விசையில் இருக்கிறது. ஷிஃப்டோடு அதையே தட்டினால் கமா.

நீங்கள் நெமோனிக்கைச் சேர்த்தபோது பழையது போகவில்லை, இரண்டும் உட்கார்ந்திருக்கின்றன. விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தும்போது ஒரு தடவை இது, ஒரு தடவை அது. அமைப்புகளில் ‘நேரமும் மொழியும்’ போங்கள், மொழிப் பட்டியலில் ரஷ்யன் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி மொழி விருப்பங்களைத் திறங்கள். கீழே கீபோர்டுகள் வரிசை தெரியும். வேண்டாததை அங்கேயே நீக்கிவிடலாம்.

இசட் தாமதம் கோளாறு இல்லை. நெமோனிக்கில் சில விசைகள் அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும். இசட்டுக்குப் பின் எச் வந்தால் ‘ழ’ மாதிரி எழுதுவோமே, அங்கே அது ‘ஷ்ஜ’ என்று ஒலிக்கும் வேறு எழுத்து. எஸ், எச் சேர்ந்தால் ‘ஷ’. அடுத்து என்ன வருமென்று தெரியாமல் அது எதைக் காட்டும்? ‘ஸ்ஹேமா’ மாதிரி எஸ்ஸும் எச்சும் தனித்தனியாக வேண்டிய சொல்லில்தான் எரிச்சல், இரண்டையும் சேர்த்து ‘ஷ’ ஆக்கிவிடும்.

வெண்ணாற்றங்கரை:

லினக்ஸ் கேள்விக்கு நான் சொல்கிறேன். இரண்டுமே சரி. பொனெட்டிக் என்ற பெயரில் ஒரே ஒரு தளக்கோலம் இல்லை, அதுதான் சிக்கலே.

ரஷ்யனில் 33 எழுத்து, ஆங்கிலத்தில் 26. மிச்சம் ஏழையும் அடைப்புக்குறி, பின்சாய்கோடு, சமக்குறி என்று எங்காவது தள்ள வேண்டும். யார் எங்கே தள்ளினார்கள் என்பதில் ஊருக்கு ஒரு பழக்கம். முதல் இரண்டு விசையைப் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும். கியூவில் பெரும்பாலும் ‘ய’. டபிள்யூவில் ‘வ’ இருந்தால் ‘யவெர்ட்டி’. ‘ஷ’ இருந்தால் ‘யஷெர்ட்டி’. ‘ஷ்ஜ’ இருந்தால் ‘யஷ்ஜெர்ட்டி’.

லினக்ஸில் ரஷ்யன் பட்டியலைத் திறந்தால் ‘பொனெட்டிக்’ தவிர ‘பொனெட்டிக், விண்டோஸ்’, ‘பொனெட்டிக், யஷ்ஜெர்ட்டி’ என்றும் இருக்கும். நீங்கள் முதலில் கண்ணில் பட்டதை எடுத்திருக்கிறீர்கள். ‘சிவா’ என்று எழுதிப் பாருங்கள். உங்களுடையதில் ‘ஷ’வுக்கு இடது சதுர அடைப்பு, அப்புறம் ஐ, டபிள்யூ, ஏ. வி-யைத் தட்டினால் ‘ஷ்ஜ’ வந்து நிற்கும். விண்டோஸ் என்று போட்டதை எடுத்தால் டபிள்யூ, ஐ, வி, ஏ. முடிந்தது. வகுப்பில் கொடுத்த படமும் இந்தக் குடும்பம்தான் போல. ரஷ்ய ‘ஷ’ பார்ப்பதற்கும் டபிள்யூ மாதிரியே இருப்பதால் மறக்காது.

ஆப்பிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ‘ரஷ்யன் குவர்ட்டி’ என்று உள்ளேயே ஒன்று இருக்கிறது.

பட்டறைக் கணக்கு:

அப்பாடா. பழையதை நீக்கியதும் குழப்பம் நின்றது. லினக்ஸிலும் மாற்றிவிட்டேன், ‘வெஸ்’ (எடை), ‘விசொத்தா’ (உயரம்) எல்லாம் ஒலிப்படி வருகிறது. ஆனால் பட்டறை விண்டோஸில் அந்த டபிள்யூ–ஷ வகை இல்லையே? நெமோனிக் ஒன்றுதான் காட்டுகிறது. வீட்டில் ஒன்று, பட்டறையில் ஒன்று என்றால் கை குழம்புமே.

டைப்பிங் மாஸ்டர், மாயவரம்:

ஏம்மா, எதற்கு இந்தச் சுற்று வழி? நான் லோயர், ஹையருக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தவன், சொல்கிறேன். ஜேட்சுகென்னையே பழகிக்கொள். எஃப், ஜே இரண்டிலும் விரலுக்குத் தட்டுப்படும் சின்ன மேடு இருக்கும், தடவிப் பார். ரஷ்யனில் எஃப் விசையில் ‘ஆ’, ஜேயில் ‘ஓ’. அடிக்கடி வரும் இரண்டு உயிரும் ஆள்காட்டி விரலடியில். அபூர்வமாக வரும் ‘கடினக் குறி’ என்ற எழுத்து சுண்டுவிரல் போய்த் தொடும் ஓரத்தில். யோசித்து வைத்திருக்கிறான். நம் தமிழ் 99 கீபோர்டு முறையிலும் உயிர் இடக்கை, மெய் வலக்கை. ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் அடிப்பவன் காலத்துக்கும் ஆங்கிலத்திலேயேதான் யோசிப்பான்.

மன்னை வெள்ளைக்கோட்டு:

மாஸ்டர் சொல்வதில் பாதிக்கு நான் ஒத்துக்கொள்கிறேன். ரஷ்யாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் கண்டிப்பாக ஜேட்சுகென்தான் பழக வேண்டும். அங்கே கல்லூரிக் கணினியில் உட்கார்ந்தால் விசையிலேயே இரண்டு எழுத்தும் அச்சடித்திருக்கும், பொனெட்டிக் போட்டுத் தர யாரும் வரமாட்டார்கள். அக்கா சுவாமிமலையை விட்டு எங்கே போகப் போகிறார்கள்? வாரத்துக்கு நாலு கடிதம். அதற்கு முப்பத்துமூன்று எழுத்துக்கும் புது இடம் பழகச் சொன்னால் ரஷ்யன் படிப்பதையே விட்டுவிடுவார்கள்.

டைப்பிங் மாஸ்டர், மாயவரம்:

சரி தம்பி, கடிதத்துக்கு மட்டும் என்றால் உன் வழி. வேலை பெருகினால் என்னிடம் வரட்டும்.

வெண்ணாற்றங்கரை:

விண்டோஸ் கேள்விக்கு வருவோம். மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் ‘கீபோர்டு லேஅவுட் கிரியேட்டர்’ என்ற மென்பொருள் இருக்கிறது, 1.4 பதிப்பு. பார்க்கப் பழசாக இருக்கும், என் விண்டோஸ் 10-இல் ஓடுகிறது. திறந்ததும் காலி கீபோர்டு படம் வரும். ஒவ்வொரு விசையாகச் சொடுக்கி, லினக்ஸில் எங்கே எந்த எழுத்தோ அதையே இங்கே போட வேண்டும். ஷிஃப்டோடு வரும் பெரிய எழுத்துகளையும் மறக்காமல் நிரப்புங்கள், பலரும் அங்கேதான் விடுவார்கள். ப்ராஜெக்ட் மெனுவில் மொழியை ரஷ்யன் என்று குறியுங்கள், இல்லாவிட்டால் ஆங்கிலத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பிறகு அது நிறுவல் கோப்பு ஒன்றைச் செய்து தரும். நிறுவிவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள்.

இதே வேலைக்கு ஆயத்தக் கோப்பு இணையத்தில் நிறைய கிடைக்கிறது. பட்டறைக் கணக்கு இருக்கும் கணினியில் யாரோ செய்த நிறுவல் கோப்பை ஓட்ட நான் சொல்லமாட்டேன்.

பட்டறைக் கணக்கு:

செய்துவிட்டேன்! சின்ன எழுத்து நிரப்பச் சிரமமில்லை, பெரிய எழுத்தில் இரண்டு விட்டுப்போய்த் திரும்பப் போட்டேன். இரண்டு இடத்திலும் இப்போது ஒரே மாதிரி. கடைசியாக ஒன்று: ‘யெ’வின் மேல் இரட்டைப் புள்ளி வைத்த ‘யோ’ எழுத்தை எங்கே போடுவதென்று தெரியாமல் விட்டிருக்கிறேன். தப்பா?

மன்னை வெள்ளைக்கோட்டு:

தப்பில்லை அக்கா. ரஷ்யர்களே புத்தகத்திலும் செய்தித்தாளிலும் பெரும்பாலும் புள்ளி வைக்காமல் ‘யெ’ எழுத்தையே போட்டுவிடுவார்கள், படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். வாங்குபவரின் பெயரில் வந்தால் மட்டும் அவர் கடிதத்திலிருந்து நகல் எடுத்து ஒட்டுங்கள்.

வெண்ணாற்றங்கரை:

காலி விசை மிச்சம் இருந்தால் எண் 1-க்கு இடப்பக்கம் இருப்பதில் போட்டுவிடுங்கள், ஜேட்சுகென்னிலும் அங்கேதான் இருக்கிறது. அப்புறம், கணினியைத் திறக்கும்போது கடவுச்சொல் தப்பு என்று வந்தால் பதறாதீர்கள், வலது மூலையில் எந்த மொழி என்று முதலில் பாருங்கள்.