நெல் எடைக்கழிவு, பாசன வாய்க்கால், தோட்டச் சாலை: நாடாளுமன்றத்தில் இவற்றை ஆராய்வது யார்?

தென்செபராங் (பினாங்கு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். செபராங் பிறையில் நெல் வயல்களும் செம்பனைத் தோட்டங்களும் அடுத்தடுத்து அமைந்திருக்கும் வட்டாரத்தில் வசிக்கிறோம். எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தின் சார்பில் ஒரு மகஜர் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஆலையில் நெல்லை ஒப்படைக்கும்போது ஈரம், பதர் என்று காரணம் காட்டிக் கழிக்கப்படும் எடை பருவத்துக்குப் பருவம் மாறுகிறது என்பது விவசாயிகளின் குறை. தூர்ந்துபோன வாய்க்கால் இன்னொரு குறை. பழைய தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இன்னும் குடியிருக்கும் குடும்பங்களுக்கோ சாலையும் தண்ணீர்க் குழாயும்தான் பெருங்கவலை. ஓர் அலுவலகத்தில் கேட்டால் இது மத்திய அரசின் கையில் இருக்கிறது என்கிறார்கள். இன்னோர் அலுவலகத்தில் கேட்டால் நிலம் மாநிலத்துக்கு உரியது என்கிறார்கள். மூன்றாவது இடத்தில் அது தனியார் நிலம் என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுகிறார்கள்.

என் ஐயம் இதுதான். வேளாண் கொள்கையையும் கிராமப்புறச் சேவைகளையும் நாடாளுமன்றம் தொடர்ச்சியாக ஆராய்கிறதா, அல்லது 2023இல் உள்நாட்டு வெள்ளை அரிசி கடைகளிலிருந்து காணாமல் போனபோது எழுந்ததைப் போன்ற கூச்சல் எழும்போது மட்டும்தான் ஆராய்கிறதா? எங்கள் மகஜரை யாருக்கு, எந்த வடிவில் அனுப்பினால் அது ஒரு பதிலையாவது பெற்றுத் தரும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி (கோலாலம்பூர்) பதில்:

வணக்கம் ஐயா. நாடாளுமன்ற விவாத அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற அளவில் எழுதுகிறேன்.

நீங்கள் ஒரே மகஜரில் சேர்த்திருக்கும் குறைகள் ஒரே மேசைக்குப் போகக்கூடியவை அல்ல. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலமும் வேளாண்மையும் மாநிலப் பட்டியலில் உள்ளன; வடிகாலும் நீர்ப்பாசனமும் பொதுப் பட்டியலில் உள்ளன; சுகாதாரம் பெரும்பாலும் மத்திய அரசின் பொறுப்பு. ஆனால் பட்டியலைப் பார்ப்பதைவிடப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. வேளாண்மை மாநிலத்தின் அதிகாரம் என்று எழுதப்பட்டிருந்தாலும் நெல் மானியம், உர மானியம், குறைந்தபட்ச விலை, அரிசி இறக்குமதி ஆகிய அனைத்தும் மத்திய அமைச்சின் பணத்தாலும் முடிவாலும் நடப்பவை. மத்திய வரவு செலவுத் திட்டத்தில் ஒரு ரிங்கிட் ஒதுக்கப்பட்டிருந்தாலும் அதைப் பற்றி மக்களவையின் 222 உறுப்பினர்களில் எவரும் கேள்வி கேட்கலாம். உங்கள் தொகுதி உறுப்பினர்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. மேலவை உறுப்பினர்களும் கேட்கலாம். அவர்களில் 26 பேர் மாநிலச் சட்டமன்றங்களால், மாநிலத்துக்கு இருவர் வீதம், தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள் என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

எடைக்கழிவு விவகாரத்தைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அதுதான் உங்களிடம் இருக்கும் வலுவான கேள்வி. நெல்லின் குறைந்தபட்ச விலை டன்னுக்கு 1,300 ரிங்கிட்டிலிருந்து 1,500 ரிங்கிட்டாக 2025இல் உயர்த்தப்பட்டது. அவையிலும் ஊடகங்களிலும் அந்த எண்ணைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் ஆலை எடையில் 20 விழுக்காடு கழித்துவிட்டால், விவசாயி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு டன்னுக்குக் கையில் கிடைப்பது 1,200 ரிங்கிட்தான். கழிவு விகிதத்தை யாரும் கண்காணிக்காத இடத்தில் விலை உயர்வின் பலன் வயலுக்கு வருவதற்கு முன்பே கரைந்துவிடக்கூடும். 1994ஆம் ஆண்டின் நெல், அரிசிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஆலைகளுக்கு உரிமம் வழங்குவது வேளாண், உணவு உத்தரவாத அமைச்சைச் சேர்ந்த அதிகாரிகள்; ஆகவே இதில் மாநிலம், தனியார் நிலம் என்று எவரும் தட்டிக்கழிக்க முடியாது. "பினாங்கில் உரிமம் பெற்ற ஆலைகளில் கடந்த மூன்று பருவங்களில் பதிவான சராசரி எடைக்கழிவு எவ்வளவு, ஈரமானிகள் எத்தனை முறை சோதிக்கப்பட்டன, எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன" என்று கேட்டால், அமைச்சு எண்களைத் தர வேண்டும் அல்லது எண்கள் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டுமே உங்களுக்குப் பயன்படும்.

வாய்மொழிக் கேள்விக்கென்று ஒதுக்கப்பட்ட நேரத்தில் பட்டியலின் முன்வரிசையில் உள்ள சில கேள்விகளுக்குத்தான் அமைச்சர் எழுந்து பதில் சொல்வார். எஞ்சியவற்றுக்கு எழுத்து மூலம் பதில் வரும். தொலைக்காட்சியில் வராது என்பதற்காக எழுத்துப்பூர்வப் பதிலை இளக்காரமாக எண்ண வேண்டாம். பெரும்பாலும் அதில்தான் எண்கள் இருக்கும். துணைக் கேள்வியின் பரபரப்பில் காணாமல் போகாது. மற்றொரு வாய்ப்பு, வரவு செலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் தாக்கலான பிறகு, அமைச்சுவாரியாக ஒதுக்கீட்டை விவாதிக்கும் குழுநிலைக் கட்டம். அமைச்சரும் அதிகாரிகளும் அந்த நாள்களில் தங்கள் கணக்கோடு அவையில் இருப்பார்கள்.

ஓய்வுபெற்ற கிராணி (புக்கிட் மெர்தாஜாம்) பதில்:

தோட்டச் சாலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தோட்ட அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் அந்தச் சிக்கல் எனக்குப் பழக்கமானது.

கம்பங்கள் எனப்படும் கிராமங்களுக்குச் சாலையும் மின்சாரமும் குடிநீரும் போட்டுக் கொடுத்த கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள், தோட்டங்களைப் பல பத்தாண்டுகளாகத் தாண்டியே போயின. தோட்டம் தனியார் நிலம், அங்கே குடியிருப்பவர்களின் தேவைகளுக்கு முதலாளிதான் பொறுப்பு என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1966இலும் பிறகு 1990இலும் இயற்றப்பட்ட தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டங்கள் அந்தப் பொறுப்பைச் சட்டமாகவே எழுதின. முதலாளி இருக்கும்வரை அது ஒரு வகையில் சரி. ஆனால் தோட்டம் கைமாறி, வேலை போய், லயத்தில் குடும்பங்கள் மட்டும் மிஞ்சினால், அவர்கள் அந்தச் சட்டத்தின் பார்வையில் தொழிலாளர்களும் இல்லை, கிராமப்புற அமைச்சின் பார்வையில் கிராமத்து மக்களும் இல்லை. நம்மவர்கள் ஒரு தலைமுறைக்கு மேல் இந்த இடைவெளியில்தான் வாழ்ந்தார்கள். இதை ஒரு நாடாளுமன்றக் குழு உட்கார்ந்து முழுமையாக ஆராய்ந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. சாலை போடவில்லை என்று தனித்தனியாக எழுப்பப்படும் கேள்விகளால் அந்த இடைவெளி மூடாது.

நடைமுறைக்கு வருவோம். மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்கு மத்திய அரசு அரசியலமைப்பின்படி மானியம் தருகிறது. அந்த மானியம் 'மாரிஸ்' எனப்படும் சாலைப் பதிவேட்டில் உள்ள சாலைகளுக்குத்தான். தோட்டத்துச் செம்மண் பாதை அந்தப் பதிவேட்டில் இருக்காது. ஆகவே முதலில் நில அலுவலகத்தில் அந்தப் பாதை எந்த மனையில் இருக்கிறது என்று பாருங்கள். சாலை ஒதுக்கு நிலமாக இருந்தால் பதிவேட்டில் சேர்க்கும்படி கோரலாம். தனியார் மனையில் இருந்தால், நாடாளுமன்றத்தில் எத்தனை கேள்வி கேட்டாலும் "தனியார் நிலம்" என்ற ஒற்றை வரிப் பதில்தான் வரும்.

கெப்போங் மாணவி பதில்:

பொதுக் கொள்கை பயிலும் மாணவி என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்கிறேன். கேள்வி கேட்பதும் ஆராய்வதும் ஒன்றல்ல. 1996இல் தனியார்மயமான பெர்னாஸ் நிறுவனத்தின் ஏகபோக அரிசி இறக்குமதி உரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புதிய பத்தாண்டுக் காலம் 2021 ஜனவரியில் தொடங்கியது. அதே மாதத்தில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. ஜூலை இறுதிவரை மக்களவை கூடவில்லை. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. அவை கூடியிருந்தாலும், அத்தகைய ஒப்பந்தத்தைக் கையெழுத்திடுவதற்கு முன்பு ஒரு குழுவின் முன் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு இல்லை. 2023 செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசி டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக ஏறியதும் எல்லாரும் பேசினார்கள். அப்போது ஒப்பந்தம் ஓடத் தொடங்கி இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

பொதுக் கணக்குக் குழுவும் அப்படித்தான். கெமாஸ் கால்நடைப் பண்ணைத் திட்டத்துக்கு 250 மில்லியன் ரிங்கிட் சலுகைக் கடன் ஒதுக்கப்பட்ட விவகாரம், 2010ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை 2011இல் வெளிவந்த பிறகுதான் பெரிதானது. செலவு நடந்து முடிந்த பிறகு கணக்குப் பார்ப்பது அந்தக் குழுவின் இயல்பு. கொள்கையை அது உருவாகும்போதே ஆராய்வதற்கு வேறு குழு வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி பதில்:

தங்கை சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். அந்த வேறு குழு என்பது 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அமைக்கப்படத் தொடங்கிய சிறப்புத் தேர்வுக் குழுக்கள்தாம். அவற்றின் எண்ணிக்கையும் துறைப் பிரிவும் ஒவ்வோர் ஆட்சியிலும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன என்பதே அவற்றின் முதல் பலவீனம். இந்தியாவில் துறைவாரி நிலைக்குழுக்கள் 1993இல் அமைக்கப்பட்டன. வேளாண்மைக்கென ஒரு குழு அன்று முதல் தொடர்ந்து இயங்கி, ஆண்டுதோறும் அமைச்சின் நிதி ஒதுக்கீட்டுக் கோரிக்கையை வாக்கெடுப்புக்கு முன்பே ஆராய்கிறது. பரிந்துரைகளின் மீது என்ன செய்யப்பட்டது என்பதற்குத் தனி அறிக்கையும் வரும். பிரிட்டனில் சுற்றுச்சூழல், உணவு, கிராம விவகாரங்கள் மூன்றையும் ஒரே குழு பார்க்கிறது. அறிக்கை வெளிவந்து இரண்டு மாதங்களுக்குள் அரசு பதில் தர வேண்டும் என்பது அங்கே மரபு. விவசாயியின் மானியமும் அவன் ஊர்ப் பேருந்தும் ஒரே குழுவின் முன் வருவது நமக்கும் பொருந்தக்கூடிய ஏற்பாடு என்று நினைக்கிறேன். இங்கே வயல் ஓர் அமைச்சு, செம்பனை வேறோர் அமைச்சு, ஊர்ச் சாலை மற்றோர் அமைச்சு.

ஆயினும் நிலைமை அசையாமல் இல்லை. மக்களவை 2025 மார்ச்சில் நாடாளுமன்றச் சேவைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1992இல் கைவிடப்பட்ட 1963ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, தன் ஊழியர்களையும் நிதியையும் தானே நிர்வகிக்கும் அதிகாரம் அவைக்குத் திரும்புகிறது. குழுக்களுக்குச் சொந்த ஆய்வாளர்கள் இல்லாவிட்டால், அமைச்சு கொடுக்கும் விளக்கத்தை அமைச்சிடமே திருப்பிக் கேட்பதற்கு மேல் எதுவும் நடக்காது. அந்தக் குறை தீர்கிறதா என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

தென்செபராங் பதில்:

அனைவருக்கும் நன்றி. மகஜரை மூன்றாகப் பிரிப்பது என்று சங்கத்தில் சொல்லப்போகிறேன். எடைக்கழிவு வேளாண் அமைச்சுக்கான எழுத்துப்பூர்வக் கேள்வியாகவும், சாலை நில அலுவலக விவரம் கிடைத்த பிறகு மாநிலச் சட்டமன்றத்துக்கான கோரிக்கையாகவும் போகட்டும். லயத்துக் குடும்பங்களின் நிலைமையை நாடாளுமன்றக் குழுவுக்கான தனி மனுவாக எழுதலாமா? வாய்க்காலை எதில் சேர்ப்பது என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை.

ஓய்வுபெற்ற கிராணி பதில்:

எழுதலாம் தம்பி. அந்த மனுவில் குடும்பங்களின் எண்ணிக்கை, தோட்டம் கைமாறிய ஆண்டு, தண்ணீர்க் கட்டணம் யார் பெயரில் வருகிறது என்ற மூன்றும் கட்டாயம் இருக்கட்டும், உணர்ச்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலைப் பொறுத்தவரை, வயலுக்குள் ஓடும் பாசன வாய்க்கால் என்றால் பெரும்பாலும் வேளாண் அமைச்சின் பாசனப் பிரிவு. ஆற்றோடு சேரும் பெரிய வடிகால் என்றால் வடிகால், நீர்ப்பாசன இலாகா. தூர்ந்திருக்கும் இடத்தைப் படமெடுத்து, வரைபடத்தில் குறித்து, முதலில் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரையிட்ட நகல் இல்லாத மகஜரை எந்த உறுப்பினரும் அவைக்கு எடுத்துப் போகத் தயங்குவார்.