‘தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்’ சிறுகதை: வகுப்புக்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி:
ரிச்சர்ட் கானலின் இந்தக் கதையை ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு பீரியடில் நடத்த வேண்டும். கதைச் சுருக்கம் வேண்டாம். தன் தீவில் மனிதர்களை வேட்டையாடும் சாரோஃப் ஏன் ரஷ்யாவை விட்டு வந்தான், அவனிடமிருந்து தப்ப ரெயின்ஸ்ஃபோர்ட் வைக்கும் மூன்று பொறிகளும் எப்படி வேலை செய்கின்றன என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
ஆண்டிலிருந்து தொடங்குங்கள். கதை ‘காலியர்ஸ்’ வார இதழில் 1924 ஜனவரியில் வந்தது. ரஷ்யப் புரட்சி நடந்து அப்போது ஏழு ஆண்டுகூட ஆகவில்லை. சாரோஃப் ஜார் மன்னரின் படையில் இருந்த கொசாக் (குதிரைப்படைக்குப் பேர்போன ரஷ்ய இனம்) அதிகாரி. புரட்சிக்குப் பின் அங்கே இருந்தால் ஆபத்து என்று வெளியேறியவன். அவனைப் போன்ற பிரபுக்கள் பாரிஸில் டாக்ஸி ஓட்டும் நிலைக்கு வந்தபோது, அமெரிக்கப் பங்குகளில் போட்ட பணம் இவனைக் காப்பாற்றியது. தீவும் மாளிகையும் எப்படி வந்தன என்பதற்கு விடை அந்த ஒரு வரிதான். பலர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள்.

சாரோஃபின் தீவில் சிக்கி இரையாகும் வேட்டைக்காரன் ரெயின்ஸ்ஃபோர்டும் முதல் உலகப்போர் பார்த்தவன். மனித வேட்டையைக் கொலை என்று அவன் சொன்னதும், போருக்குப் போய் வந்தவன் இப்படிப் பேசலாமா என்ற தொனியில் சாரோஃப் மடக்குகிறான். கதையின் நடுநரம்பு அந்த உரையாடல். ஒரு பீரியடை அதற்கே ஒதுக்குங்கள்.

பதில் 2:
பொறிகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள்.

முதலாவது மலாய் பொறி. பட்டுப்போன பெரிய மரம் ஒன்று சிறிய பச்சை மரத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது. நீட்டிக்கொண்டிருக்கும் கிளைதான் விசை. சாரோஃப் கிளையைத் தொட்ட கணமே பின்னால் பாய்ந்ததால் தோளில் மட்டும் அடி. மலாக்காவில் வேட்டையாடியவன் என்பதால் பொறியின் பெயரும் அவனுக்குத் தெரிகிறது.

இரண்டாவது பர்மியப் புலிக்குழி. புதைசேற்றில் கால் அமிழ்ந்ததும் ரெயின்ஸ்ஃபோர்டுக்கு இந்த யோசனை வருகிறது. பிரான்சில் போர்க்களத்தில் பதுங்குகுழி தோண்டிய நினைவோடு அவன் தோண்டுகிறான் (பதில் 1 சொன்ன போர் இங்கே மறுபடி வருகிறது). தோள் உயரத்துக்கு மேல் ஆழம், அடியில் கூராகச் சீவிய குச்சிகள், மேலே களையும் கிளையும் மூடாக்கு. பலியானது சாரோஃபின் சிறந்த நாய்களில் ஒன்று.

மூன்றாவது உகாண்டா முறை. வளையும் இளமரத்தில் கத்தியைக் கட்டி, மரத்தைப் பின்னுக்கு வளைத்துக் கொடியால் இழுத்துக் கட்டி வைப்பது. இதில் சாரோஃபின் வேலையாள் இவான் சாகிறான். இதற்குச் செலவானது ரெயின்ஸ்ஃபோர்டிடம் இருந்த ஒரே கத்தி. கடைசியில் ரெயின்ஸ்ஃபோர்ட் கடலில் குதிப்பதைத் தற்கொலை என்று எழுதும் மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். கையில் ஆயுதமில்லை, பின்னால் நாய்க்கூட்டம்.

கேட்டவர்:
நன்றி. தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பதில் 3:
‘கேம்’ என்றால் ஆட்டமும் உண்டு, வேட்டையாடப்படும் விலங்கும் உண்டு. ‘ஆபத்தான விளையாட்டு’ என்றால் இரண்டாவது பொருள் விழுந்துவிடும். ஆங்கிலத் தலைப்பையே வைத்து இரு பொருளையும் எழுதிப் போடுவது நல்லது.

சாரோஃப் தன் இரைகளைப் பட்டியலிடும்போது ‘லாஸ்கர்’ என்கிறான். ஐரோப்பியக் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய, ஆசிய மாலுமிகளுக்கு அப்போதிருந்த பெயர் அது. ஒரு நல்ல சாதிக் குதிரையோ நாயோ அவர்களில் இருபது பேரைவிட மதிப்புள்ளது என்கிறான். நம்மூர்ப் பிள்ளைகள் கூர்ந்து படிக்க வேண்டிய வரி. இதோடு தொடக்கத்தில் கப்பலில் ரெயின்ஸ்ஃபோர்ட் பேசுவதையும் சேர்த்துக் கொடுங்கள். உலகில் வேட்டையாடுபவர், வேட்டையாடப்படுபவர் என்று இரண்டே வகுப்பு என்றும், ஜாகுவார் என்ன நினைக்கிறது என்று யாருக்குக் கவலை என்றும் சொன்னவன் அவன்தான்.

இந்தக் கதையை வைத்து எடுத்த 1932 படத்தைக் காட்டுவதாக இருந்தால் கதையை முடித்த பிறகு காட்டுங்கள். ஃபே ரே நடித்த பெண் பாத்திரம் கதையில் இல்லை. முதலில் படம் பார்த்தவர்கள் தேர்வுத்தாளில் அவளையும் எழுதிவிடுவார்கள்.