அப்பா வயசு ஆளுங்களுக்கு நான் மேனேஜர், எப்பிடி சமாளிக்கிறதுன்னு சொல்லுங்க

மலைக்காட்டான் எழுதியது:

வணக்கம்ங்க. இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப தான் மொத தடவ எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்ல மேனேஜரா இருக்கேன், பேரு வேண்டாம். தோட்டக்கலை படிச்சிட்டு இங்கயே அசிஸ்டென்ட்டா இருந்தேன், பழைய மேனேஜர் ரிட்டயர் ஆனதும் முதலாளி என்னைய அந்த சீட்ல உக்கார வெச்சிட்டாரு. வயசு 27. மேஸ்திரிக்கு 55 தாண்டிருச்சு, கணக்கெழுதுற ரைட்டர் அவர விட ஒண்ணு ரெண்டு வயசு கம்மி, பழத்தோட தோல உரிக்கிற பல்ப்பர் மெஷின பாக்குற அண்ணன் நான் பொறக்குறதுக்கு முன்னாடியே இங்க வேலைக்கு வந்தவரு.

யாரும் என்கிட்ட சண்ட போடல, அது தான் பிரச்சனையே. காலையில மஸ்டர்ல, அதாவது ஆள எண்ணி வேலை பிரிச்சு விடுற எடத்துல நின்னு இன்னிக்கு இந்த பிளாக்னு நான் சொன்னா எல்லாரும் மேஸ்திரி மூஞ்சியத் தான் பாக்குறாங்க, அவரு தலைய ஆட்டுனா தான் கூடைய எடுக்குறாங்க. அவரு "சரிங்க தம்பி"ன்னு சொல்லிட்டு போயி அவரு இஷ்டத்துக்கு செய்வாரு. பழுத்தத மட்டும் பறிக்கச் சொல்லுங்கன்னு சீசன் பூரா கத்துனேன், சாயங்காலம் சாக்க அவுத்தா பாதிக்குப் பாதி பச்சக்காய், கொத்தோட உருவியிருக்காங்க. பச்சக்காய் பல்ப்பர்ல தோல் உரியாது, நசுங்கும், உள்ள இருக்குற கொட்டையும் வெட்டுப்படும், அது அப்பிடியே பார்ச்மென்ட்ல (தோல் உரிச்சு காயவெச்ச கொட்டை) கலந்து ரேட்ட கெடுக்குது. ரைட்டரு என்னடான்னா செக்ரோல, அதான் கூலி கணக்கு நோட்ட கேட்டா "மத்தியானம் தர்றேன்"ங்கறாரு, மத்தியானம் கேட்டா சாப்புட போயிட்டாராம்.

இதுல சீசன் ஆரம்பத்துல பழைய தொங்குற தராச எடுத்துட்டு டிஜிட்டல் தராசு வெச்சோம். அன்னையில இருந்து மேஸ்திரி எடை போடுற பக்கமே வர்றதில்ல, முழங்கால் வலியாம், அவரு தங்கச்சி மகன அனுப்புறாரு. இதே ஆளு மத்தியானம் ஒத்தையடிப் பாதையில எனக்கு முன்னாடி ஏறிப் போறத நானே பாத்தேன்.

நிறுத்தவும் முடியாது, பறிக்க வர்ற பொம்பளைங்க முக்காவாசி அவரு ஊரு, அவரு சொல்லித்தான் வண்டி ஏறுறாங்க. ஏற்கெனவே இளசுங்க எல்லாம் திருப்பூர் போயிருச்சு, ஆள் கெடைக்கிறதே கஷ்டம். மார்ச்ல போரர் ட்ரேசிங் வேற வருது, தண்டு துளைக்கிற வண்டு புடிச்ச செடிய தேடிப் புடுங்குற வேலை, அவரு கண்ணு இல்லாம அது ஆகாது. என்ன பண்றது?

ஐந்துரோட்டான் எழுதியது:

ப்ரோ இதுக்கு எதுக்கு இவ்ளோ யோசன. மெமோ குடுங்க, ரெண்டாவது மெமோ குடுங்க, மூணாவதுக்கு ஆள மாத்துங்க. சம்பளம் குடுக்குறது முதலாளி, வேலை செய்யத்தான வந்துருக்காங்க. எங்க கம்பெனில இப்பிடித்தான்.

மலைக்காட்டான் எழுதியது:

உங்க கம்பெனில ஆள் நின்னா அடுத்த நாள் ரெஸ்யூமே வரும் ப்ரோ. இங்க மேஸ்திரி நின்னா அடுத்த நாள் வண்டி காலியா வரும்.

கிழங்குக்காரன் எழுதியது:

தம்பி, நான் உங்க மேஸ்திரி பக்கத்து ஆளு. எனக்கு 53, ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) பேக்டரில சூப்பர்வைசர், எனக்கு மேல இருக்குற பையனுக்கு உங்க வயசு தான் இருக்கும். அதனால அந்தப் பக்கம் இருந்து சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

முழங்கால் வலி எல்லாம் சும்மா. உங்க தராசு தான் வலி. தொங்குற தராசுல முள்ளு ஆடும், ஆடுறப்ப அவரு ஒரு எடை சொல்லுவாரு, ரைட்டர் எழுதுவாரு. அதுல கெழவிக்கு அரை கிலோ கூட விழும், ஏமாத்துறவளுக்கு அரை கிலோ கொறையும், சாக்கு ஈரமா இருந்தா அதுக்கு ஒரு கழிவு. அந்தக் கணக்கு பூரா அவரு வாயில இருந்துச்சு, அதனால தான் அவரு சொன்னா வண்டி ஏறுனாங்க. நீங்க ஒரு பொட்டிய வெச்சு அந்த வாய மூடிட்டீங்க. தராசு வாங்குனது தப்பே இல்ல, ஆனா நாலு பேரு முன்னாடி புது தராசு வந்துச்சுன்னா இத்தன நாளு போட்ட எடை என்னன்னு கேப்பாங்களா மாட்டாங்களா? ஊரு கண்ணுக்கு அவரு களவாணி ஆயிட்டாரு.

எங்க பேக்டரில மரவள்ளிக் கிழங்கு லோடு வந்தா மொதல்ல எல்லாம் நான் ஒடச்சுப் பாத்தே மாவு இவ்ளோ நிக்கும்னு சொல்லிருவேன். அப்பறம் பாயிண்ட் தராசு வந்துச்சு, கிழங்க தண்ணியில முக்கி எடை பாக்குறது, அது நல்லது தான், விவசாயிக்கும் சந்தேகம் இல்ல. ஆனா இந்தப் பையன் லாரிக்காரங்க, வெவசாயிங்க எல்லாம் நிக்கிறப்ப "இனிமே அண்ணன் சொல்றது கணக்குல வராது, மெஷின் சொல்றது தான்"னான். நான் அந்த சீசன் பூரா வாயத் தெறக்கல தம்பி. மண்ணு ஒட்டுன லோடு, ரெண்டு நாளு கெடந்து கருத்த லோடு எல்லாம் என் கண்ணு முன்னால உள்ள போச்சு. கேட்டாங்களா? கேக்கல. சொல்லல. இப்பவும் அதுக்கு நான் வருத்தப்படல.

அவர தனியா பாருங்க. ஆபீசுக்கு கூப்புடாதீங்க, அவரு வீட்டுக்குப் போங்க. போயி தராசப் பத்தி நீங்களா எடுங்க.

அஸ்தம்பட்டிக்காரி எழுதியது:

கிழங்குக்காரண்ணா சொன்னதுல பாதி ஒத்துக்கறேன். மீதிப் பாதி, இப்பிடி வீடு வீடா போயி சமாதானம் பண்ணிக்கிட்டே இருந்தா எப்ப வேலை பாக்குறது?

நான் பேங்க்ல பிரான்ச் மேனேஜர், மொத போஸ்டிங்ல ஸ்டாஃப் எல்லாருமே என்னைய விட மூத்தவங்க, அதுலயும் பொண்ணு வேற. கஸ்டமர் வந்து என் முன்னாடியே நின்னுக்கிட்டு "மேனேஜர் இல்லீங்களா"ன்னு கேப்பாங்க, ஹெட் கேஷியர் சிரிச்சிக்கிட்டே உக்காந்திருப்பாரு. நான் சிரிப்ப எல்லாம் விட்டுட்டேன். ஆனா லாக்கர் ரூம் சாவி ரெண்டு பேரு கையில இருக்கணும்னா இருக்கணும், அதுல அண்ணனும் கெடையாது தம்பியும் கெடையாது. நீங்களும் எதுல விட்டுக்குடுக்கலாம், எதுல முடியாதுன்னு பிரிச்சிக்கோங்க. தம்பின்னு கூப்புட்டா கூப்புட்டுட்டுப் போகட்டும். செக்ரோல் அன்னன்னிக்கு சாயங்காலம் உங்க டேபிளுக்கு வரணும், அது கூலி கணக்கு, அத விடாதீங்க.

ஒரு கேள்வி: ரைட்டருக்கு உங்க மேல என்ன? மேஸ்திரி கோவம் புரியுது, இவருது புரியல. உங்க சீட்டுக்கோ உங்க பழைய சீட்டுக்கோ வேற யாராச்சும் கண்ணு வெச்சிருந்தாங்களா?

நாகலூர் சின்னத்தோட்டம் எழுதியது:

தராசு கத எனக்கு முன்னாடியே தெரியும் 😀 இங்க டீக்கடையில பேசிட்டாங்க. அந்தக் கதையில நீங்க எந்த எஸ்டேட்னு இருந்துச்சு, நீங்க பேசுன ஒரு வார்த்தையும் இல்ல.

எனக்கு மூணு ஏக்கரு தான், ஆனா காபி காபி தான். நீங்க எல்லாரும் வயசு வயசுன்னு பேசுறீங்க, நான் ஒண்ணு கேக்கறேன். மேஸ்திரிக்கு கமிஷன் எப்பிடி? தலைக்கா, கிலோவுக்கா? பொம்பளைங்களுக்கு இத்தன கிலோவுக்கு மேல பறிச்சா கூட காசு உண்டு தான?

மலைக்காட்டான் எழுதியது:

@அஸ்தம்பட்டிக்காரி அக்கா, நீங்க கேட்ட அப்பறம் தான் பல்ப்பர் அண்ணன்கிட்ட விசாரிச்சேன். ரைட்டர் மகன் பிகாம் முடிச்சிட்டு சேலத்துல ஒரு ஜவுளிக்கடையில இருக்கானாம், என் பழைய அசிஸ்டென்ட் வேலைய அவனுக்குக் கேட்டிருக்காரு, முதலாளி பாக்கலாம்னு சொல்லிட்டு அந்த போஸ்டையே எடுத்துட்டாரு. எனக்கு இது யாரும் சொல்லல.

@நாகலூர் ஆமாங்க, அளவுக்கு மேல வர்ற கிலோவுக்கு கூட காசு, மேஸ்திரிக்கும் கிலோவுக்குத்தான்.

நாகலூர் சின்னத்தோட்டம் எழுதியது:

அப்பறம் என்ன? கிலோவுக்கு காசு குடுத்துட்டு பழுத்தத மட்டும் பொறுக்குன்னா எந்த ஊருல பொறுக்குவாங்க. அம்பது வயசு மேனேஜர் சொன்னாலும் உருவத்தான் செய்வாங்க. ஒரே செடிக்கு நவம்பர்ல இருந்து மூணு நாலு தடவ சுத்தி வரணும், ஒவ்வொரு சுத்துலயும் கூடை சீக்கிரம் ரொம்பாது, நஷ்டம் அவங்க தலையில. பழைய மேனேஜர் காலத்துல அவரும் சாக்க அவுத்துப் பாத்திருக்க மாட்டாரு, முக்காவாசி தோல் உரிக்காம செர்ரியாவே காயப் போட்டிருப்பாங்க. நீங்க தான் பல்ப் பண்ணி நல்ல ரேட்டு வாங்கணும்னு ஆசப்படுறீங்க, அந்த ரேட்டுல அவங்களுக்கு பங்கு இல்ல. அடுத்த சீசனுக்கு பழத்துக்கு ஒரு ரேட்டு, பச்சக்காய் கலந்த சாக்குக்கு ஒரு ரேட்டுன்னு முதலாளிகிட்ட வாங்கிட்டு வாங்க, அத மேஸ்திரி வாயால மஸ்டர்ல சொல்லச் சொல்லுங்க. உங்க வாயால வேண்டாம்.

ட்ரேசிங்குக்கு கிலோ கணக்கு வெச்சிராதீங்க, நாள் கூலி தான். செடி கணக்கு வெச்சா நல்ல செடியையும் சேத்து புடுங்கிருவாங்க. தண்டுல ஓடுன மேடு, இலை மஞ்சளாகி வாடுறது, இத அவரு நடக்குறப்பவே கண்டுபுடிப்பாரு, நீங்க குனிஞ்சு தடவிப் பாக்கணும். அவரு குறி போடட்டும், நீங்க பின்னாலயே நோட்டு வெச்சு பிளாக் வாரியா எழுதுங்க. ஏப்ரல்ல வண்டு வெளிய பறக்கறதுக்குள்ள புடுங்குனத எரிச்சு முடிச்சிருங்க, எரிக்காம அடுக்கி வெச்சீங்கன்னா அங்கிருந்தே பறக்கும்.

கிழங்குக்காரன் எழுதியது:

அதே தான். ஆனா வீட்டுக்கும் போங்க.

மலைக்காட்டான் எழுதியது:

முதலாளி வெள்ளிக்கிழம வர்றாரு, ரெண்டு ரேட்டு விஷயத்த பேசிப் பாக்குறேன், கஞ்சன் தான், பாப்போம். மேஸ்திரி வீட்டுக்கு ஞாயித்துக்கிழம போலாம்னு இருக்கேன். ரைட்டர் விஷயத்துல என்ன பண்றதுன்னு சத்தியமா தெரியல, இல்லாத போஸ்ட நான் எங்க இருந்து கொண்டு வர்றது. யாராச்சும் இந்த மாதிரி பாத்திருந்தா சொல்லுங்க.