தரம் 5 பிள்ளைகளுக்குக் கலத்தை (உயிர்களின் உடலை ஆக்கும் மிகச் சிறிய அலகு) எப்படிக் காட்டலாம்?

தம்பலகாமம் டீச்சர்:
வணக்கம். போன கிழமை வகுப்புச் சுவரில் இருந்த பல்லி ஒன்று வாலைப் போட்டுவிட்டு ஓடிவிட்டது. அது திரும்ப எங்கிருந்து முளைக்கும் என்று ஒரு பிள்ளை கேட்க, பாடம் அங்கேயே நின்றுவிட்டது. கலங்கள் பெருகித்தான் வால் வளரும் என்றேன். "கலம் என்றால் சட்டிதானே டீச்சர்?" என்கிறார்கள். தரம் 5, நுணுக்குக்காட்டி இல்லை. எதிலிருந்து தொடங்குவது, எவ்வளவு சொல்வது?

உப்புவெளி சேர்:
சட்டி என்று சொன்ன பிள்ளையைத் திருத்த வேண்டாம் டீச்சர், அங்கேயே தொடங்குங்கள். 1665இல் றொபேட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டதும் வெறும் சட்டிகளைத்தான், உயிர் போய்ச் சுவர் மட்டும் மிஞ்சிய பெட்டிகள். உயிருள்ள கலம் வெறுமையானது இல்லை, அதுதான் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது. பக்கத்தில் உயர்தரம் உள்ள பள்ளிக்கூடத்தில் நுணுக்குக்காட்டியை ஒரு நாளைக்கு இரவல் கேளுங்கள். பம்பாய் வெங்காயத்தின் உட்பக்கத் தோலை மெல்லியதாக உரித்து, ஒரு சொட்டு அயடீன் விட்டு 100 மடங்கில் வையுங்கள், செங்கல் அடுக்கியது போல கலங்களும் ஒவ்வொன்றிலும் மஞ்சள் புள்ளியாக, கலத்தை நடத்தும் கருவும் தெரியும். படத்தை முதலே காட்டிவிடாதீர்கள், கண்டதை அவர்களே கீறட்டும். கறுப்பு விளிம்போடு வட்டம் வட்டமாகக் கீறினால் அது காற்றுக் குமிழி, கலம் அல்ல. என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பாதிப் பேர் அதைத்தான் கீறுவார்கள். மென்சவ்வு (கலத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய படலம்), கரு, இரண்டு பெயர் போதும், இழைமணி போன்ற மற்ற உட்பாகங்கள் எல்லாம் பிறகு வரட்டும்.

கோட்டையடி அம்மா:
என் மகளுக்கு நான் திருகோணமலை பிரெட்ரிக் கோட்டையை வைத்துத்தான் சொன்னேன். கோணேசர் கோயிலுக்குப் போகும்போது அந்த வாசலால்தானே போகிறோம், மதில் கலச்சுவர், யாரை விடலாம் என்று பார்க்கும் வாசல் மென்சவ்வு. உடனே பிடித்துக்கொண்டாள். அப்புறம் "உள்ளே நிற்கிற மான்கள் எது?" என்று கேட்டாள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நிலாவெளித் தம்பி:
அக்கா, அந்தக் கேள்வி நல்ல கேள்வி. கோட்டை ஒரு உவமைதான், எல்லாவற்றுக்கும் அதில் இடம் தேடத் தேவையில்லை என்று பிள்ளைக்குச் சொல்லிவிடலாம். அதோடு, கோட்டை இரண்டாகப் பிரிந்து இரண்டு கோட்டை ஆகாது, கலம் ஆகும், பல்லி வாலுக்கு முக்கியமே அதுதான். மதில் தாவரக் கலத்துக்குத்தான், பல்லிக்கும் நமக்கும் மென்சவ்வு மட்டும்.

டீச்சர், நுணுக்குக்காட்டி கிடைக்கும் வரை இதைச் செய்யுங்கள். உருளைக்கிழங்கை மெல்லிய துண்டாக வெட்டி ஒன்றை நல்ல தண்ணீரிலும் மற்றதைக் கடும் உப்புத் தண்ணீரிலும் ஒரு மணித்தியாலம் விடுங்கள். முதலாவது விறைப்பாக நிற்கும், இரண்டாவது துவண்டு வளையும், ஏனென்றால் கலங்களுக்குள் இருந்த தண்ணீர் மென்சவ்வைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. மீனுக்கு உப்புப் போட்டால் தண்ணீர் கழன்று கருவாடாகிறதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும். தோடம்பழச் சுளைக்குள் இருக்கும் சாற்றுப் பைகளைக் கலம் என்று மட்டும் காட்டிவிடாதீர்கள், ஒரு பையிலேயே ஏராளமான கலங்கள் இருக்கின்றன.

தம்பலகாமம் டீச்சர்:
எல்லோருக்கும் மெத்தப் பெரிய நன்றி. திங்கட்கிழமை உருளைக்கிழங்கு, அயடீன் வாங்கி வைத்துவிட்டு நுணுக்குக்காட்டிக்கு அதிபரிடம் கடிதம் கேட்கிறேன். பல்லி வாலும் முளைக்கத் தொடங்கியிருக்கிறது, பிள்ளைகள் தினமும் காலையில் தேடிப் பார்க்கிறார்கள்.