கொதிக்க வைக்காமலே குடிக்கலாமாம்!

மிஷின்கூடம்:
சுங்கை சிப்புட் பசங்க ஃபேஸ்புக்குல போட்ட வீடியோவைப் பார்த்தீங்களா? லாசா தாண்டி உள்ளே இருக்கிற ஓராங் அஸ்லி (பூர்வகுடி) கம்போங்குக்கு மலையிலிருந்து பைப்பு இழுத்திருக்காங்க. நல்ல காரியம், நான் பாட்டுக்கு லைக் போட்டுட்டுப் போயிருப்பேன். கடைசியில ஒரு தம்பி பைப்பைத் திறந்து கையில ஏந்திக் குடிச்சிட்டு, "சுத்தமான தண்ணீர், இனிமே கொதிக்க வைக்கவே வேணாம்"ங்கிறான். தோட்டத்துப் பம்பு வீட்டுல வேலை செஞ்சே தலை நரைச்சவன் நான். குளோரின் படாத ஓடைத் தண்ணியை எனக்கு முன்னால சுத்தம்னு சொல்லாதீங்க.

லாசாரோடு:
அந்தத் தம்பி நான்தாண்ணே. குடிச்சிட்டு இன்னமும் உசுரோடதான் இருக்கேன். மேல ஓடையை மறிச்சு தடுப்பு கட்டி, பைப்பு வாயில சல்லடை வச்சு, மணல் தொட்டியில வடிகட்டித்தான் டாங்கிக்கு விடுறோம். பம்பும் இல்ல, டீசலும் இல்ல. 60 மீட்டர் இறக்கம் இருக்கு, தண்ணி தானா வருது. டீசல் தீர்ந்துபோச்சுன்னு தோட்டத்து லயத்து வீட்டு ஆளுங்களை வாளியோட நிக்க வச்ச பம்பு வீட்டுக்காரங்க எங்களுக்குப் பாடம் எடுக்க வேணாம்.

மிஷின்கூடம்:
டீசல் வாங்கிக் கொடுக்க வேண்டியது மேனேஜரு. அதுக்கு என்னை ஏன் இழுக்கிற? 10 மீட்டர் இறக்கத்துக்கு 1 பார் அழுத்தம்னா 60 மீட்டருக்கு 6 பார். இந்தக் கணக்கெல்லாம் நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் போட்டது. 6 பார் அழுத்தம் கிருமியைக் கொன்னுடுமா? நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. கொதிக்க வைக்கணுமா, வேணாமா?

செம்பனைக்காடு:
எனக்கு வேற கேள்வி. அஸ்லிக்காரனுக்குப் பைப்பு போட நாலு சக்கர வண்டி புடிச்சுப் போறீங்க. வித்துப்போட்ட தோட்டத்துல, ஒழுகுற லயத்துல இன்னும் நம்ம கிழவிங்க இருக்காங்களே, அங்க யாரு போனீங்க? 1960ல துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சப்ப, தோட்டத்தைத் துண்டு துண்டா வெட்டி விக்கிறதை எதிர்த்து நம்ம ஆளுங்க வேர்வை சிந்தின காசுல தோட்டம் வாங்கினாங்க. அன்னைக்கு எவனும் வீடியோ எடுக்கல.

லாசாரோடு:
அன்னைக்குக் கையில ஃபோன் இருந்திருந்தா எடுத்திருப்பாங்கண்ணே. தோட்டத்து ஆளுக்கு 1990 குடியிருப்புச் சட்டம் இருக்கு. முதலாளிதான் இலவசமா பைப்புத் தண்ணி கொடுக்கணும், கொடுக்கலைன்னா புகார் கொடுக்கலாம். காட்டுக்குள்ள இருக்கிறவனுக்கு முதலாளி யாரு?

செம்பனைக்காடு:
சட்டம் பேசற வாய் லயத்துக்கு ஒரு நாள் வந்து பேசட்டும்.

மேட்டுலயம்:
நான் கிளினிக்கில் வேலை செய்கிறேன். தம்பி, தண்ணீரை லேபுக்கு அனுப்பினீர்களா? 100 மில்லிலிட்டரில் ஒரு ஈ.கோலி கிருமி கூட இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிற ஓடையிலும் எலி, பன்றி மூத்திரம் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. அதற்காக மணிக்கணக்கில் கொதிக்க வைக்க வேண்டாம். தளதளவென்று நன்றாகக் கொதி வந்தாலே போதும்.

மிஷின்கூடம்:
அதெப்படி கொதி வந்தாலே போதும்? எங்கம்மா அடுப்புல வச்சு 20 நிமிஷம் விடுவாங்க.

மேட்டுலயம்:
உங்கம்மா நல்லவர்தான் ஐயா. விறகு மிச்சமாகியிருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

மிஷின்கூடம்:
எங்கம்மாவை இங்க இழுக்காதீங்க.

செம்பனைக்காடு:
இழுத்தது நீங்கதாண்ணே. 2019ல கிளந்தான் குவாலா கோவுல அஸ்லிக்காரங்க கொத்துக் கொத்தா செத்தாங்களே, தண்ணிதானே காரணம்?

மேட்டுலயம்:
இல்லை. முதலில் சுரங்கத்தால் தண்ணீர் கெட்டது என்று பேச்சு கிளம்பியது. பிறகு சுகாதார அமைச்சு அதைத் தட்டம்மை என்று உறுதிசெய்தது.

செம்பனைக்காடு:
அமைச்சு சொல்றதை நீங்க நம்புங்க. நான் கிளினிக்குல சம்பளம் வாங்கல.

மிஷின்கூடம்:
எல்லாரும் எங்கெங்கயோ போறீங்க. அந்த மணல் தொட்டிக்கு வாங்க. மெதுவா வடியிற தொட்டின்னா மணலுக்கு மேல வழவழன்னு ஒரு ஏடு படியணும். கிருமியைத் தின்னுறது அந்த ஏடுதான், மணல் இல்ல. அது படிய வாரக்கணக்குல ஆகும். இவங்க தொட்டியைத் திறந்த அன்னைக்கே குடிக்கிறாங்க. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், மணல் மஞ்சளா, புதுசா கிடக்குது. பைப்பைத் திறந்ததும் பாருங்க, ரெண்டு தரம் இருமி, காத்தைத் துப்பி, அப்புறம்தான் தண்ணி வருது. மேட்டுல காத்து அடைச்சிருக்கு. அங்க ஒரு காத்து வால்வு வைக்கத் தெரியாதவன் கிருமியைப் பத்திப் பேசறான்.

லாசாரோடு:
வால்வு வச்சாச்சுண்ணே, வீடியோ எடுத்ததுக்கு அப்புறம். நீங்க கையைக் கட்டிக்கிட்டு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்த நேரத்துல நாங்க பாலி பைப்பு ரோலைத் தோள்ல போட்டு மேடு ஏறினோம். அட்டை கடிச்ச ரத்தம் காலுறையோட ஒட்டிக் காய்ஞ்சு போச்சு. இதுக்கு முன்னாடி அந்த ஊருப் பொம்பளைங்க ஆத்துக்கு இறங்கித்தான் தண்ணி தூக்கினாங்க. மழை பெஞ்சா மேல பாலாக் (காட்டு மரம்) வெட்டுற இடத்து மண்ணெல்லாம் கரைஞ்சு ஆறு தே தாரேக் கலர்ல வரும். அதைக் குடிச்சாங்களே, அப்ப எங்கண்ணே போனீங்க?

மிஷின்கூடம்:
ஓடைக்கு மேலயும் பாலாக் வெட்ட வருவான். அப்ப உன் தொட்டி ஒரே மழையில அடைச்சுக்கும். கழுவ ஆள் வச்சிருக்கியா? சல்லடையில இலை சேர்ந்தா யார் ஏறி எடுப்பா? சுகாதார அமைச்சுல பாகாஸ்னு ஒரு திட்டம் இருக்கு, அவங்களும் மலைத் தண்ணியை இப்படித்தான் இறக்குறாங்க. நீ புதுசா எதையும் கண்டுபிடிக்கல. போட்டுட்டு வர்றது சுலபம். நாளைக்கும் ஓடணும், அதுதான் வேலை. அதுசரி, கேட்டதுக்குப் பதில் வரலையே. கொதிக்க வைக்கணுமா, வேணாமா?

லாசாரோடு:
ஊர்த் தலைவர் தோக் பாத்தின் வீட்டு அடுப்புல எப்பப் பார்த்தாலும் கேத்தல் இருக்கும். அவங்க பச்சைத் தண்ணியே குடிக்கிறதில்ல, எந்நேரமும் தேத்தண்ணிதான். போதுமா?

மேட்டுலயம்:
அப்படியானால் கொதிக்கத்தானே வைக்கிறார்கள்?

மிஷின்கூடம்:
அப்படிக் கேளுங்க! அப்ப எதுக்குடா வேணாம்னு சொன்ன? யாரைப் பார்த்துச் சொன்ன? நன்கொடை கொடுக்கிற தவுக்கே முதலாளியைப் பார்த்தா?

லாசாரோடு:
"டா" போடாதீங்க. மரியாதையா பேசிக்கிட்டிருக்கேன்.

நடத்துநர்:
தனிமனிதத் தாக்குதல் வேண்டாம். தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

மிஷின்கூடம்:
தண்ணியைப் பத்தித்தான் பேசறேன். லேபு ரிப்போர்ட்டை இங்க ஒட்டச் சொல்லுங்க. ஒட்ட மாட்டான். அப்படியே என் பெரிய பைப் ஸ்பானரையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்க. வீடியோவுல மூணாவது நிமிஷத்துல யார் கையில இருக்குன்னு எல்லாரும் பாருங்க.

லாசாரோடு:
அது கோயில் ஸ்பானர். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு வாங்கினது. உங்க வீட்டு ஸ்டோருல தூங்கினா உங்களுதாயிடுமா? ரிப்போர்ட்டு வந்ததும் ஒட்டுறேன், முதல்ல உங்களுக்குத்தான் டேக் போடுவேன்.

செம்பனைக்காடு:
பந்தல் கணக்குன்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது. மிச்சப் பணம் என்னாச்சு?

மிஷின்கூடம்:
கணக்கு எங்கிட்ட இல்ல, பொருளாளர்கிட்ட கேளு. ஸ்பானர் கைப்பிடியில சிவப்புப் பெயிண்டு இருக்கும், அது நான் அடிச்சது. கோயிலுக்கு எவன் பெயிண்டு அடிப்பான்?

லாசாரோடு:
ஞாயித்துக்கிழமை கோயில் மீட்டிங்குக்கு வாங்க. பெயிண்டு டின்னையும் தூக்கிட்டு வாங்க, பார்த்துடலாம்.